அண்ணன் எடுத்துவந்த பந்து

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இதை இப்படி எழுத வேண்டாம் என்று எங்கள் பெரிய மாமா கேட்டுக்கொண்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"ஹோட்டல்ல நல்ல வேலையில இருந்தான்னு எழுதும்மா, போதும். பந்து கதைய இழுத்தா சனம் மறுபடியும் சிரிக்கும்" என்றார்.

மாமா நல்லவர். அண்ணனின் இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். ஆனால் இந்த விடயத்தில் அவர் பேச்சைக் கேட்க மாட்டேன். அண்ணன் உதைபந்தாட்டக்காரர். அதை மறைத்துவிட்டு எழுதுவதென்றால் வேறு யாரையோ பற்றித்தான் எழுத வேண்டும்.

மாத்தளை நகருக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தார். அப்பா நேரத்தோடு இறந்துபோனார். அம்மா கொழுந்து பறித்தார். அண்ணன் பாடசாலையை விட்டதும் டவுனில் மிளகுக் கடையொன்றில் மூட்டை தூக்கினார். பின்னேரத்தில் பந்து. எங்கள் மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். கீழ்ப்பக்கக் கோலுக்கு மேலால் பந்து போனால் தேயிலைக்குள் உருண்டு ஓடைவரை போய்விடும். இருந்ததோ ஒரே பந்து. அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. யார் அடித்தாரோ அவரே போய் எடுத்துவர வேண்டும், கப்டனாக இருந்தாலும் சரி. அட்டை கடித்த கால்களோடுதான் அண்ணன் வீட்டுக்கு வருவார்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கழகம் அவரை அழைத்தது. சம்பளத்துக்குப் பந்தாடப் போன முதல் ஆள் எங்கள் தோட்டத்தில் அவர்தான். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குவார், ஒரே திருப்பில் அடிப்பார். பின்னால் நிற்பவர்கள் காலில் உதைத்தார்கள், 'தோட்டக்காட்டான்' என்றார்கள். அண்ணன் கோல் போட்டதும் சொன்னவரை ஒருதரம் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அண்ணனின் கழகம் ஒருமுறை கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்கு வந்தது. அதற்குத் தோட்டமே பஸ் பிடித்துப் போனது. ஆட்டம் சமநிலையாகி பெனால்டிக்கு வந்தது. கடைசி உதை அண்ணனுடையது. பந்து கம்பத்துக்கு மேலால் போய்விட்டது, தோற்றோம். எதிரணி துள்ளிக் குதித்தது. அண்ணன் தலையில் கை வைத்து உட்காரவில்லை. கோலுக்குப் பின்னால் ஓடி, விளம்பரப் பலகையைத் தாண்டி, பந்தை எடுத்துவந்து அடித்த இடத்திலேயே வைத்தார். பந்து எடுத்துக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆட்டமே முடிந்திருந்தது. பழகிய கால் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

மைதானமே சிரித்தது. யாரோ போனில் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. மாத்தளையை அடுத்த அலுவிகாரைக் கடைகளில் 'பந்து பொறுக்கி' என்றார்கள். கலியாண வீடுகளில் அதைப் போட்டுக் காட்டினார்கள். இம்மலரை வாங்கியிருப்பவர்களிலும் சிலர் அன்று சிரித்தவர்கள்தான். எனக்குத் தெரியும்.

"ஏண்ணே அப்படி செஞ்சீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"அடிச்சது நானு. வேற யாரு போயி எடுப்பா?" என்றார்.

அடுத்த பருவத்தில் அதே மைதானத்தில் இன்னொரு பெனால்டி கிடைத்தது. வேறொருவர் அடிக்கட்டும் என்றார் பயிற்சியாளர். அண்ணன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கூட்டம் பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தியது. அடித்தார், கோல். இந்த முறை பஸ் வரவில்லை. எங்கள் ஆட்களென்று அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அதை யாரும் படம் பிடிக்கவுமில்லை.

முழங்கால் சவ்வு கிழியும்வரை ஆடினார். பின் சீகிரியாவில் ஹோட்டல் வாகனம் ஓட்டினார், அண்ணியையும் பிள்ளையையும் குறையின்றி வைத்திருந்தார். நாற்பதைத் தொடுமுன் சிறுநீரகம் கைவிட்டது. கடைசி வாரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்னப் பத்தி எழுதுனா அந்தத் தவறுன பெனால்டிய விட்டுறாத. அதுவும் நான் அடிச்சதுதான்."

எழுதிவிட்டேன், அண்ணே.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலுக்காமல் ஏற்றி இறக்கிய சீகிரியா ஆட்டோ நண்பர்கள், இரத்தம் கொடுத்தவர்கள், வைத்தியர்கள், தாதிமார், சோறாக்கி அனுப்பிய லயத்து அக்காமார், இரவும் பகலும் துணையிருந்த அண்ணன் மூட்டை தூக்கிய மிளகுக் கடையின் முஸ்லிம் முதலாளி நானா, பெட்டியைத் தோளில் சுமந்த பழைய அணித் தோழர்கள், பங்குத் தந்தை, கோபத்தோடாவது கூடவே நிற்கும் பெரிய மாமா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

திருப்பலி முடிந்து கல்லறையை ஆசீர்வதிக்கப் போகிறோம். அண்ணியின் விருப்பப்படி கல்லில் அண்ணன் பெயருக்குக் கீழே 'உதைபந்தாட்ட முன்கள வீரர்' என்று ஆழமாக வெட்டியிருக்கிறோம். அதைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பூ வைக்கலாம்.