விடுபட்ட டேனியல் லிம்

மலேசியாவின் லாபிஸ் ஊரில், சின்ன அண்ணன் மகனை முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டபோதுதான் அவனுக்கு வைத்த பெயரைப் பொன்னழகு கேட்டாள். வீரையா. பெரிய அண்ணன் தன் மகனுக்கு ஏற்கெனவே வைத்திருந்த தாத்தா பெயரையே சின்ன அண்ணனும் வைத்துவிட்டார். ஆகவே இவன் சின்ன வீரையா ஆனான். பள்ளியில் இவனுக்கு வந்த பரிசு ஒருமுறை பெயர்க் குழப்பத்தில் பெரிய வீரையா கைக்குப் போய்விட்டது.

வளர்ந்து பாசிர் கூடாங் என்ற ஊரில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். ஓய்வு நாளில், எண்களை வரைபடமாக்கும் ஓர் இலவச மென்பொருளுக்கு உழைத்தான். புதிய பதிப்பு வரும்போது என்னென்ன மாறியது, யார் யார் உதவினார்கள் என்று குறிப்பு எழுதுவது அவன் பொறுப்பு.

இந்த முறை உதவியவர் பட்டியலில் டேனியல் லிம் என்ற பெயர் இரண்டு தடவை வந்தது. ஒரே ஆள்தான் என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டு, வரைவை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டான். மறுநாள் ஒருவர் எழுதியிருந்தார்: “இந்த மென்பொருளில் நான் முதன்முதலாக ஒரு பிழையைத் திருத்தினேன். பட்டியலில் இருக்கும் டேனியல் லிம் நான் இல்லை. என் பெயரைக் காணோமே?”

பொன்னழகுவுக்குப் போன் போட்டான்.

“அலமாக், ஐயோ அத்தை! எனக்கு நடந்தத நானே இன்னொருத்தருக்குப் பண்ணிட்டேன்.”

“பரிசு கைமாறிப் போனப்ப மூணு நாளு சோறு திங்காம கெடந்தவன்தானே நீ? போன வச்சிட்டு அவரு பேர போடுலா!”

வெளியீட்டுக்கு முன்பே இரண்டு லிம்மும் அவரவர் ஊரோடு பட்டியலில் ஏறினார்கள். சின்ன வீரையா இப்போதும் பாசிர் கூடாங்கில்தான் இருக்கிறான்; பதிப்புக் குறிப்புகளையும் அவன்தான் எழுதுகிறான்.