நீங்கள் தனியாகச் சுட்டது எத்தனை பேரை?

போருக்குப் போய் வந்தவர்களின் கதையைக் கேட்பது என் தொழில். கேட்ட கதையிலிருந்து பிணங்களைக் குறைப்பது அதில் என் பங்கு.

மட்டக்களப்பில் ஒரு சிறிய ஆய்வு நிலையம், இரண்டு பக்கத்திலும் சண்டை பிடித்தவர்களின் நினைவுகளைப் புத்தகமாக்குகிறது. ‘நான் தனியாக இத்தனை பேரை முடித்தேன்’ என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருக்குமா என்று விசாரித்துச் சொல்ல என்னைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டு, சோறு ஆறிப்போகும்வரை தலையாட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடலாம். நான் போக முடியாது.

நாற்பதுக்கு இரண்டு சொந்தக்காரர்

பெரியகல்லாற்றில் வலை திருத்திக்கொண்டிருந்த ஒருவர், முன்பு இயக்கத்தில் சேர்ந்து ராணுவத்தோடு சண்டை பிடித்தவர், ஒரு பாலத்தடியில் தான் ஒற்றை ஆளாக நாற்பது பேரைச் சுட்டதாகச் சொன்னார். கையில் எத்தனை ரவை இருந்தது என்று கேட்டேன். ஒரு மெகசின், முப்பது ரவை என்றார். முப்பது ரவையில் நாற்பது பேர் எப்படி என்று கேட்டதற்கு, சில பேர் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக நின்றார்கள் என்று கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது.

அன்று அவரோடு நின்ற தோழர் இரண்டு ஒழுங்கை தள்ளிக் கடை வைத்திருந்தார். அவராவது உண்மையைச் சொல்வார் என்று போனேன். கதையைக் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாடா, பொய்யைக் கண்டால் கோபப்படுகிற மனிதர் என்று பேனாவைத் திறந்தேன். செத்தவர்களுக்கும் காணிக்குப் போல உரிமை கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“அந்த நாப்பதும் நான் சுட்டது. அவர் அந்த நேரம் கிணத்தடியில குளிச்சிட்டு நிண்டவர்.”

தண்ணீரில் தெரிந்த தலைகள்

ஓய்வு பெற்ற ராணுவச் சிப்பாய் ஒருவரைத் தேடிப் பொலன்னறுவைப் பக்கம் போனேன். பாற்சோறும் வாழைப்பழமும் தந்து நன்றாக உபசரித்தார். பனிச்சங்கேணி வாவியில் ஒரு விடியற்காலை, பனிமூட்டத்துக்குள் ஒரு கூட்டம் கழுத்தளவு தண்ணீரில் தன் காவலரணை நோக்கி வந்ததாகவும், அத்தனை பேரையும் தான் ஒருவனே சுட்டதாகவும், மேலதிகாரி தோளில் தட்டிப் பாராட்டியதாகவும் சிங்களத்தில் சொன்னார். உடல்களைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பனி விலகுமுன்பே தன்னை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம்.

பனிச்சங்கேணிக்குப் போய் விசாரித்தேன். அன்று ஆட்கள் யாரும் சாகவில்லை என்றார்கள். ஆனால் தயிர் விற்றுப் பிழைத்த ஒரு பெரியவரைக் காட்டினார்கள். அந்த விடியலில் வாவிக்குள் கிடந்தவை அவருடைய எருமைகள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன்பிறகு கூலி வேலைக்குப் போய்த்தான் மூன்று பெண்பிள்ளைகளைக் கரை சேர்த்திருக்கிறார். சிப்பாய் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

“அதுகள் ஒரு இயக்கத்திலயும் சேரல்ல, தம்பி.”

வட்டையில் விழுந்தவர்கள்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு அண்ணன். அவரும் இயக்கத்தில் இருந்தவர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வயல் வட்டை ஒன்றின் ஓரத்தில், மருத மரத்தடியில் இயந்திரத் துப்பாக்கியோடு இருந்து, வரம்பு தாண்டி ஓடிவந்த ராணுவத்தில் முப்பது பேரை விழுத்தியதாகச் சொன்னார். பெருமை அடிக்கவில்லை. விழ விழ எண்ணினாராம். கடைசியில் வந்த ஷெல்லில்தான் கால் போனது. முப்பது பேரைக் கொன்ற பாவம் தீரட்டும் என்று அவருடைய மனைவி வருடாவருடம் கோயிலில் தீ மிதிக்கிறார்.

அன்று அந்த வயலில் ஓடிவந்தவர்களில் மூவரைத் தேடிப் பிடித்தேன். வந்ததே ஏழெட்டுப் பேர்தானாம். வெடி வரும்போதெல்லாம் வரம்புக்குப் பின்னால் விழுந்து படுத்து, ஊர்ந்து கொஞ்சம் தள்ளிப் போய், எழுந்து ஓடி, அடுத்த வரம்பில் மறுபடி விழுந்திருக்கிறார்கள். எழும்பியவனெல்லாம் அண்ணனுக்குப் புது ஆள். இரண்டு பேருக்குக் காயம். ஒருவரும் சாகவில்லை.

இதைவிட நல்ல செய்தியை ஒரு வீட்டுக்கு யார் கொண்டுபோக முடியும்? மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அண்ணனுடைய மனைவி முற்றத்திலேயே இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இனி அவர் நெருப்பில் இறங்கத் தேவையில்லை என்று எனக்கும் கண் கலங்கியது. அண்ணன் கழற்றி வைத்திருந்த பொய்க்காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து, ஒருவர்கூடச் சாகவில்லை அண்ணன் என்று நான் மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப என்ட காலை நான் எதுக்குக் குடுத்தன்?”

முப்பது பேரை ஒரே நாளில் உயிரோடு எழுப்பியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். ஆனாலும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.