சண்டைக்கு நன்றி சொல்லும் சபை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி புஷ்பம் சேர்ச்சில் எழும்பி நின்று போதகரோடு சண்டை பிடித்தாள்.

பிரசங்கம் முடிந்த கையோடு. எல்லோருக்கும் முன்னால். அதுவும் ஆங்கிலத்தில்!

வீட்டில் என்னோடு சண்டை பிடிப்பது வேறு. அது உடற்பயிற்சி. வெளியில் அவள் வாய் திறப்பதே அபூர்வம்.

முதலில் அந்த சேர்ச் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புஷ்பம் மட்டக்களப்பு, பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். நான் யாழ்ப்பாணத்துச் சைவம், பிறப்பில் மட்டும். கோயில் என்றால் பொங்கல் நன்றாக இருக்கும் என்பதைத் தாண்டி எனக்குக் கொள்கை ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் ஞாயிறுதோறும் நகரத்துக்குள் நடக்கும் தமிழ் ஆராதனைக்கு அவளைக் காரில் கொண்டுபோவேன். புறநகரான பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியபிறகு அது தூரமாகிவிட்டது.

"இந்த ஸ்னோவுக்குள்ள உங்கட ஓட்டத்துக்கு ஆராதனைக்கு முதலே பரலோகம் போயிடுவம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன பிரெஸ்பிட்டேரியன் சேர்ச்சுக்கு மாறினாள்.

வாசலில் வானவில் கொடி ஒன்று தொங்கியது.

"சண்டே ஸ்கூல் பிள்ளையள் செய்ததாக்கும். வடிவா இருக்கு" என்றாள். நான் விளக்கம் சொல்லவில்லை. சில உண்மைகள் ஆறுதலாகத் தெரியவருவதே நல்லது.

வழக்கம்போல் அவளை இறக்கிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தேன். யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். கழுத்தில் வெள்ளைப் பட்டியோடு ஒரு பெண். போதகர் ஹெலன்.

"உள்ளே வாருங்களேன், கோப்பி இருக்கிறது."

"நான் இந்து. அதோடு, கடவுள் நம்பிக்கையும் அவ்வளவாக இல்லை."

"பரவாயில்லை. உள்ளே இருப்பவர்களில் பாதிப்பேருக்கும் அதே பிரச்சினைதான்."

இப்படி ஒரு விளம்பரத்தை எந்த மதத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? இறங்கிப் போனேன்.

உள்ளே எல்லாமே தலைகீழ். சந்தேகப்படலாம். கேள்வி கேட்கலாம். மற்ற மதங்களும் கடவுளிடம் போகிற பாதைகள்தான். வேதத்தை எழுத்துக்கெழுத்து நம்ப வேண்டாம், யோசித்து வாசித்தால் போதும். யார் யாரை நேசித்தாலும் இங்கே வரலாம், வாசல் கொடிக்கு அர்த்தமே அதுதான். திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் தட்டை நீட்டினார்கள். "தொடாதேங்கோ!" என்று புஷ்பம் முழங்கையால் இடித்தாள். சபை அனுமதித்தது, மனைவி அனுமதிக்கவில்லை.

"கேள்வி கேக்கவோ ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டு வாறது? அதைத்தான் நீங்கள் வீட்டில கேட்டுக்கொண்டிருக்கிறியளே!" என்று வீடு வரும்வரை புறுபுறுத்தாள். ஆனால் போவதை நிறுத்தவில்லை. பின்னால் நானும்.

சண்டை நடந்த அந்த ஞாயிறு ஹெலன் எடுத்துக்கொண்டது, சிறையில் கிடந்த சீடரைத் தேவதூதன் வந்து விலங்கு கழற்றி வெளியே கூட்டிப்போன சம்பவம். "இது இப்படியே நடந்திருக்க வேண்டும் என்றில்லை. பயத்தில் வாழ்ந்த மக்கள் நம்பிக்கைக்காகத் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதையாகவும் இருக்கலாம்" என்றார். முடிவில் வழக்கம்போல், "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

இந்தக் கேள்விக்கு ஒருவரும் எழும்புவதில்லை. புஷ்பம் எழும்பினாள். அவளுடைய ஆங்கிலத்தை அவளுடைய தமிழிலேயே தருகிறேன்.

"கதையெண்டு சொல்லாதேங்கோ! ஊரில சுற்றிவளைப்பு நடக்கேக்க என்ர தம்பியை ஆமி லொறியில ஏத்திக்கொண்டு போனது. நாங்கள் முழங்காலில நிண்டு செபிச்சம். அவனை விட்டிட்டாங்கள். கண்ணால கண்டனான். அது கதையெண்டால், நான் ஆருக்கு நன்றி சொன்னனான்?"

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஹெலன், "எனக்குத் தெரியாது" என்றார்.

மைக்கில்! ஒரு போதகர்!

கோப்பி நேரத்தில் ஆளாளுக்கு வந்து புஷ்பத்தின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அவளுக்குக் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. "நான் ஏசிறன், அதுகள் தாங்க்யூ சொல்லுதுகள்! சூடு சொரணை இல்லாத சனம்!"

இரண்டொரு நாளில் ஹெலன் வீட்டுக்கு வந்தார். புஷ்பம் வடை சுட்டாள். கோபம் வேறு, விருந்து வேறு.

"உங்கள் தம்பியைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன்."

தம்பி மட்டக்களப்பில் சுகமாக இருக்கிறான், போர்நிறுத்தம் வந்தபிறகு கல்யாணமும் கட்டிவிட்டான் என்றாள் புஷ்பம். ஹெலன் தலையாட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை. அமைதி என்றால் எனக்கு ஒவ்வாது, ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். புஷ்பம் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

பிறகு மெல்லச் சொன்னாள்.

"அதே லொறியில எங்கட சேர்ச் செல்லம் அக்காவின்ர மகனும் போனவன். அவவும் என்னோட ஒரே பெஞ்சடியில முழங்காலில நிண்டு செபிச்சவ. அவன் வரேல்ல. கடவுள் செபத்தைக் கேட்டாரெண்டு என்னை சேர்ச்சில சாட்சி சொல்லச் சொன்னவை. சொன்னன். அவ எனக்குப் பக்கத்தில இருந்து 'ஆமென்' எண்டவ..."

வடைத் தட்டை ஹெலன் பக்கம் தள்ளிவைத்தாள்.

"அவவின்ர செபத்தில என்ன குறை? இதை நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்ல. கேட்டால், விசுவாசம் குறைஞ்சுபோச்செண்டு எனக்கல்லோ செபிப்பினம்."

தம்பி திரும்பி வந்ததை எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள். இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணம் கட்டி, ஒரே வீட்டில் இருந்து, ஒரே ரிமோட்டுக்குச் சண்டை பிடித்து... எனக்கு என்ன தெரிந்திருக்கிறது?

ஹெலன், எல்லாம் கடவுளின் திட்டம் என்று சொல்லவில்லை. "அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"ஜீவன்."

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வடையை ஒருவரும் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு செபத்தில் ஹெலன் அந்தப் பெயரைச் சொன்னார். "ஜீவான்" என்று! விடுவாளா புஷ்பம்? எழும்பித் திருத்தினாள். ஹெலன் திருத்திச் சொன்னார். பிறகு சபை முழுவதும், வாய்க்குப் பழக்கமில்லாத அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னது. புஷ்பம் உட்கார்ந்து அழுதாள். நான் பாட்டுப் புத்தகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் மங்கலாக இருந்தன... கண்ணாடி மாற்றவேண்டும் போல.

திரும்பி வரும்போது கேட்டேன். "பதில் கிடைச்சுதோ?"

"இல்லை."

"அப்ப ஏன் நீர் இவ்வளவு சந்தோசமா இருக்கிறீர்?"

"நீங்கள் எண்டால் இடையில பூந்து விளக்கம் சொல்லியிருப்பியள். அவ சொல்லேல்ல. அது போதும்."

புஷ்பம் மாறிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். தேவதூதன் வந்தது வந்ததுதான், சிறைக் கதவு திறந்தது திறந்ததுதான். ஞாயிறுதோறும் ஹெலனோடு வாதாடுகிறாள். அவர்களும் அசராமல் நன்றி சொல்கிறார்கள். இப்போது அவளைச் செபக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள்.

என்னைக் கூரை திருத்தும் கமிட்டியில். "எனக்குத்தான் நம்பிக்கை இல்லையே" என்றேன். "ஏணியில் ஏறுவீர்களா?" என்று கேட்டார்கள்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு அந்தச் சபையில் தாராளமாக இடமுண்டு. கமிட்டியில் இல்லாதவர்களுக்குத்தான் இல்லை!