வலப்பக்கத்து ஸ்பிரிங்

பாதி அமுங்கிய நிலையில் ஒரு கார் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டு, இறுக்கவும் முடியாமல் தளர்த்தவும் முடியாமல் நின்றால், அதன் பக்கத்தில் யார் போவது? லாரல் ஓடைச் சாலையில் அன்று வெர்னா ஸ்டிட்ஹம் வீட்டுக்கு எதிரே கூடி நின்ற எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

வெர்னாவுக்கும் தெரியவில்லை. கென்டக்கி மலையில் எங்கள் பக்கத்தில் அவளைப் போலப் பயந்த சுபாவம் வேறு யாருக்கும் கிடையாது. வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவு வரை போவாள். திரும்பி வந்து குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். ஓடையில் தண்ணீர் கொஞ்சம் ஏறினாலே பாலத்தில் கால் வைக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் ஓட்டுவதோ எட்டு சிலிண்டர் வைத்த பழைய ஷெவெல் கார். ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் அதிரும். தையல் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த வயதில் வாங்கியது. உனக்கு எதற்கு இந்த ராட்சசன் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"மேட்டுல மரலாரி முதுகுக்குப் பின்னாடியே வந்தா தப்பிச்சு ஓட வேணாமா?"

ஓடுவதற்கு எஞ்சின் இருந்தது. வளைவில் திரும்பத்தான் வழியில்லை. ஸ்பிரிங்குகள் தளர்ந்து, ரப்பர்கள் எல்லாம் நைந்து, கார் படகு மாதிரி ஆடியது. அந்த வசந்தத்தில் ஒரு நாள், குதிரை லாடம் போல வளைந்து திரும்பும் லாட வளைவில் எதிரே மரலாரி வந்தபோது, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் நடுக்கோட்டை நோக்கி மிதந்து போனது. லாரியின் பக்கக் கண்ணாடி அவள் ஜன்னலை ஒட்டிக்கொண்டு போயிற்று. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அதன்பிறகு தினமும் காலையில் அந்த வளைவுக்கு முன்னால் காரை ஓரங்கட்டி, கை நடுக்கம் நின்றபிறகுதான் கிளம்பினாள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். பள்ளிக்கு வேறு சாலை கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

சுரங்க வேலையை விட்டுவிட்டு வெல்டிங் செய்துகொண்டிருந்த தம்பி ஹோபர்ட்தான் தைரியம் சொன்னான். ஸ்பிரிங், ரப்பர் எல்லாவற்றையும் முழு செட்டாகப் புதிதாக வாங்க அவளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார்கள். உடைத்துப்போட்ட ஒரு போலீஸ் காரிலிருந்து வளைவில் காரைச் சாயவிடாமல் பிடிக்கும் முன்பக்கத்துத் தடித்த குறுக்குக் கம்பியைக் கழற்றி வந்தான். ரப்பர்களும் ஷாக் அப்சார்பர்களும் தள்ளுபடியில் கிடைத்தன. சர்ச்சுக்கு வரும் ஒருவர் தன் காருக்கென்று வாங்கி, மாட்டாமலே வைத்திருந்த முன் ஸ்பிரிங்குகளை மலிவாகக் கொடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வேலை. திங்கட்கிழமை அதே காரில் பள்ளிக்குப் போயாக வேண்டுமே. கடைசியாக ஸ்பிரிங் மட்டும் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை மரம் இழுக்கும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வெர்னா வந்தாள்.

"இதை ஸ்பிரிங்குக்குள்ள விட்டுக் காரோட சேத்துக் கட்டுடா."

"ஸ்பிரிங்குக்குச் சங்கிலியா? எதுக்கு, குரைக்குமா?"

"கடிக்கும்டா. கட்டு."

சிரித்துக்கொண்டே கட்டினான். ஸ்பிரிங்கின் நடுவே ஒரு திருகுக் கம்பியை விட்டு, அதன் கொக்கிகளை மாட்டி, நட்டைத் திருகத் திருக ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கினால்தான் அது தன் இடத்துக்குள் நுழையும். இடப்பக்கத்தை இப்படிக் கையாலேயே மெல்லத் திருகி மாட்டி முடித்தார்கள். சங்கிலியை வலப்பக்கத்துக்கு மாற்றிக் கட்டும்போது மலை உச்சியில் மேகம் இறங்கியது. ஹோபர்ட் நட்டை வேகமாகத் திருகும், காற்றில் ஓடும் துப்பாக்கியை எடுத்தான்.

"வேணாம்டா. கையாலயே சுத்து."

"மழை வருதுக்கா. பொழுதுக்கும் இங்கயே குந்திக்கிட்டுச் சுத்தச் சொல்றியா?"

துப்பாக்கி கடகடவென்று உறுமியது. கம்பியில் புகை கிளம்பியது. திடீரென்று ஒரு கீச்சொலி. அத்தோடு நட்டு நின்றுவிட்டது. சூட்டில் நட்டும் கம்பியும் ஒன்றோடு ஒன்று பற்றிக்கொண்டன. ஸ்பிரிங் பாதி அமுங்கி, வில் போல லேசாக வளைந்து, ஹோபர்ட்டின் நெஞ்சைப் பார்த்து நின்றது.

ஹோபர்ட் முழங்காலாலேயே பின்வாங்கினான். வாசல் படியில் போய் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சுரங்கத்தில் கூரை இடிந்தபோதுகூட நிதானம் தவறாதவன் என்று பேர் எடுத்தவன்.

வெர்னா டவுனிலுள்ள மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். "யாரும் கிட்டப் போகாதீங்க. அது விட்டுச்சுன்னா தலை இருக்காது. திங்கக்கிழமை வந்து பாக்கறேன்" என்றார்.

சாலையில் எங்களோடு நின்ற பக்கத்து வீட்டு ஆர்வில் கத்தினார். "வெர்னா! கார் கெடக்குது, விடு! நீ உள்ள போ!"

அவள் போகவில்லை. வாசல் தூணுக்குப் பின்னால் நின்றபடி ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கெல்லாம் அதைப் பார்க்கவே பயம், முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவளுக்கோ கண்ணை எடுக்கப் பயம். மழை தொடங்கியது. அவள் அங்கிருந்தே கேட்டாள்.

"ஹோபர்ட், வலப்பக்க ஸ்டாண்டுக்கு அடியில பலகை வச்சியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். காரைத் தாங்கிய ஸ்டாண்டின் ஒரு கால் ஈரச் சரளையில் இறங்கிக்கொண்டிருந்தது. அது சாய்ந்தால் கார் சாயும். கார் சாய்ந்தால் ஸ்பிரிங் தெறிக்கும். திங்கட்கிழமை வரை காத்திருக்க முடியாது.

"வழக்கமா இந்த ஸ்பிரிங்கை யாருடா அமுக்கி வச்சிருக்கா?"

"என்னக்கா?"

"கார்தானே? அப்ப காரே அமுக்கட்டும். சக்கரம் மாட்டுற அந்த இரும்புக் கைக்கு அடியில ஜாக்கியக் குடுத்துத் தூக்கு. காரோட பாரம் ஸ்பிரிங் மேல வந்துட்டா இந்தக் கம்பிக்கு வேலையே இல்ல."

ஹோபர்ட் அவளையே பார்த்தான். "அந்தக் கையைச் சக்கரத்தோட சேக்கற பால் ஜாயின்ட்ட உள்ள தள்ளி நட்டு போடணுமே. யார் கைய விடறது?"

அவள் தன் கையைப் பார்த்தாள். ஹோபர்ட்டின் முரட்டுக் கை அந்த இடுக்கில் போகாது.

கொட்டகையில் கிடந்த பழைய கதவை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்தார்கள். ஹோபர்ட் தள்ளி நின்று நீளக் கைப்பிடியை மெல்ல அமுக்கினான். வெர்னா ஸ்பிரிங்குக்கு நேரே வராமல் பக்கவாட்டில் மண்டியிட்டாள். உதடு முணுமுணுத்தது.

"திங்கள் பீன்ஸ், சோளரொட்டி. செவ்வாய் கோழி, உருளைக்கிழங்கு."

"என்னக்கா உளர்ற?"

"ஸ்கூல் சாப்பாடுடா. பேசாத. புதன் என்ன?"

"எனக்கென்ன தெரியும்?"

டமார் என்று ஒரு சத்தம். ஆர்வில் சாலையிலேயே குப்புற விழுந்தார். வெர்னா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள். வளைந்து நின்ற ஸ்பிரிங் நிமிர்ந்து, மேலே தன் குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சங்கிலி தொய்வாகவே கிடந்தது.

"இன்னும் தூக்கு" என்றாள்.

ஜாக்கி ஏற ஏற, திருகுக் கம்பியின் கொக்கிகள் தளர்ந்து லொடலொடத்தன. வெர்னா இடுக்கில் கையை விட்டாள். முதலில் நட்டு விரலிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. துடைத்து எடுத்து மறுபடி விட்டாள். இந்தமுறை பிடித்துக்கொண்டது. முழுக்க இறுக்கினாள். வேலையற்றுத் தொங்கிய கம்பியை ஹோபர்ட் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்தான். அதற்குப் பிறகு வெர்னா வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள்.

அன்று ஹோபர்ட் சங்கிலியை அவிழ்த்தான். கழுவி, எண்ணெய் தடவி, அவளுடைய கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை லாட வளைவுக்கு முன்னால் வழக்கம்போலக் காரை ஓரங்கட்டினாள். கை நடுங்கியது. அது நிற்கும் என்று தோன்றாததால் அப்படியே கிளம்பினாள். வளைவின் நடுவில் எதிரே மரலாரி. திங்கள் பீன்ஸ் என்று ஆரம்பித்தாள். கார் சாயவில்லை, மிதக்கவில்லை. ஸ்டீயரிங் சொன்ன பக்கம் திரும்பித் தன் கோட்டுக்குள்ளேயே போனது. செவ்வாய்க்கு வருவதற்குள் லாரி பின்னால் போய்விட்டது.

இப்போதும் அவள் அந்த வளைவில் பயந்துகொண்டுதான் போகிறாள். ஆனால் ஓரங்கட்டுவதில்லை.

பழைய காரைத் தன் வீட்டு வாசலிலேயே வைத்துப் பழுது பார்க்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், வெர்னாவின் கதையை அவரிடம் சொல்லுங்கள். அந்த நட்டைக் கையால் திருகச் சொல்லுங்கள், ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வைக்கச் சொல்லுங்கள். சங்கிலியைப் பார்த்து அவர் சிரித்தால், சிரிக்கட்டும். கட்டி முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். பிறகு அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.