இதயத்துக்கு நல்லது என்று விற்ற உப்பு

என் அக்காவைப் பொய்க்காரி என்று அந்த டாக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிரித்தார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அக்கா ஆஸ்டின் டவுனில் இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பொட்டாசியம் உடம்பில் தேங்கினால் இதயமே நின்றுபோகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளோடு இளநீரையும் வாழைப்பழத்தையும் விட்டாள். காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பாள். சக்கை மாதிரி இருக்கும். முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை ஆட்டோவிலிருந்து இறங்க முடியாமல் கால்கள் துவண்டன. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருந்தது. அவசரமாக மெஷினில் போட்டார்கள்.

"ஏனம்மா, நேத்து எளநீரா, மாம்பழமா?" என்றார் டாக்டர்.

"எதையும் தொடலை சார்."

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க." சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீட்ல கொஞ்சம் வாட்ச் பண்ணுங்க மேடம்."

அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் செடிகளின் வேரை ஆராயும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வேர் எவ்வளவு பொட்டாசியம் உறிஞ்சுகிறது என்று அறிய, சில சமயம் ருபிடியம் கலந்த தண்ணீர் கொடுப்போம். இரண்டும் ஒரே குடும்பத்துத் தனிமங்கள். பொட்டாசியம் நுழையும் வழியாகவே ருபிடியமும் நுழைந்துவிடும். வேருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அளவு தப்பாக வந்தால் நாங்கள் வேரைத் திட்டுவதில்லை. கொடுத்த தண்ணீரில் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஒரு மனுஷிக்கு அந்த மரியாதைகூடவா கிடையாது?

மறுநாள் அக்கா வீட்டில் சாப்பிட்டேன். ரசம் நாக்கின் அடியில் லேசாகக் கசந்தது.

"உப்பு மாத்தினியாக்கா?"

"ஆமா. ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலதான் குடுத்தான். சோடியம் கம்மியாம், பிபிக்கு, ஹார்ட்டுக்கு நல்லதாம்."

பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய சிவப்பு இதயம். பின்பக்கம், கண்ணருகே வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில், பொட்டாசியம் குளோரைடு. காயிலிருந்து அவள் பாடுபட்டு வெளியேற்றியதையெல்லாம் இந்த உப்பு திருப்பிக் கொட்டியிருக்கிறது.

அடுத்த டயாலிசிஸ் அன்று பாக்கெட்டை டாக்டரிடம் நீட்டினேன். திருப்பிப் பார்த்தார்.

"படிச்சிருக்கணும் இல்லையா?"

"உங்க கட்டடத்துல, உங்க பேஷன்ட்டுக்கு வித்தது சார் இது. அவங்க பொய் சொல்லலை. அதை அவங்ககிட்ட சொல்லுங்க."

"ஓகே ஓகே, இப்ப தெரிஞ்சிடுச்சில்ல," என்றபடி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

கீழே போய் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "கம்பெனிக்காரங்க வெக்கச் சொன்னாங்க, வெச்சோம் மேடம்." நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன், பார்க்கிறோம் என்றார்கள். உப்பு இன்னும் அந்தக் கடை அலமாரியில்தான் இருக்கிறது.

நான் மேலே திரும்பியபோது, கையில் குழாயோடு படுத்திருந்த அக்கா பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்: "நிம்ம மனேலி யாவ உப்பு?" உங்கள் வீட்டில் என்ன உப்பு என்று.

அந்த அம்மா வீட்டிலும் அதே இதயம் போட்ட பாக்கெட்தான்.

பழைய உப்புக்கு மாறியபின் அக்காவின் பொட்டாசியம் இறங்கிவிட்டது. டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த அறைக்குப் புதிதாக யார் வந்தாலும், பேர் கேட்பதற்கு முன்பே அக்கா அவர்கள் வீட்டு உப்பை விசாரிக்கிறாள்.