சிவப்பு நட்சத்திரக் கட்டம்

மலேசியாவின் வடக்கே அலோர் ஸ்டாரில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். குளிரூட்டிய அறை, வேளைக்கொரு பலகாரம், ‘நீதி எல்லோருக்கும்’ என்று நெஞ்சில் அச்சடித்த ஊதா நிறச் சட்டை. தோட்டத்து மக்களுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கச் செய்யும் திட்டம், நான் தன்னார்வலர். சட்டத்துக்கு அரை நாளும், டேப்லெட்டில் ஆட்களைப் பதிவதற்கு ஒன்றரை நாளும் ஒதுக்கியிருந்தார்கள். நான் ஒரு வரி விடாமல் குறிப்பெடுத்தேன். ‘பொய்த் தகவல் தருவது குற்றம்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். மகன் மடியில் இருந்ததால் ஒன்று வளைந்துவிட்டது.

முதல் முகாம், செர்டாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் கோயில் மண்டபத்தில். வாசலில் என் மேசை. பெயர், நாங்கள் ஐசி என்று சொல்லும் அடையாள அட்டையின் எண், பிரச்சினையின் வகை மூன்றும் பதிவானால்தான் வரிசை எண் வரும். அது இருந்தால்தான் உள்ளே வழக்கறிஞரைப் பார்க்கலாம். வகைகளில் முதலாவதே ‘அடையாள அட்டை இல்லாமை’. ஆனால் அட்டை எண்ணுக்கான கட்டத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஒன்றரை நாள் படித்தும் இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு பெண்ணும் அவளுடைய அத்தையும் வந்தபோதுதான் உறைத்தது. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. இறந்துபோன அம்மாவுக்கும் அட்டை இல்லை, கல்யாணமும் பதிவாகவில்லை, அதனால் அப்பாவின் குடியுரிமை மகளுக்கு வரவில்லை. தொழிற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் வழக்கறிஞரின் கடிதம் ஒன்று கொண்டுவந்தால் மாதக் கடைசி வரை அந்த இடத்தை வைத்திருப்பார்களாம். அன்று சனிக்கிழமை.

ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினேன். “அக்கா, இவங்களுக்கு ஐசி இல்ல. எப்படிப் பதியறது?”

“ஐசி இல்லாம பதிய முடியாது லா.”

“இல்லன்னுதானே வந்திருக்காங்க.”

“சிஸ்டம் அப்படி, நான் என்னா செய்ய? ஐசி எடுத்துட்டு வரச் சொல்லு, அந்தக் கேஸ நல்லாப் பாத்துக் குடுத்துருவோம்.”

அத்தைக்குக் கேட்டுவிட்டது. “ஐசி இருந்தா நான் ஏம்மா ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு ஒங்க மீஹூன் தின்னுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்?”

“அத்த, வாங்க போலாம்,” என்றாள் அந்தப் பெண். பழகிய குரல். அந்த வாக்கியத்தைப் பல அலுவலகங்களில் சொல்லியிருப்பாள்.

அடுத்து நான் செய்ததைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போலீஸ் பிடித்தால் மகனை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தேன். அவன் குடிக்கும் பால்மாவின் பெயர் கணவருக்குத் தெரியுமா என்றும் யோசித்தேன். இத்தனையும் யோசித்துக்கொண்டே அந்தக் கட்டத்தில் என் எண்ணை அடித்தேன். வரிசை எண் வந்தது.

நானும் அவர்களோடு உள்ளே போனேன். இளம் வழக்கறிஞர் கைப்பேசியை மூடிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கடிதத்தை அச்சிட்டு எடுத்ததும் அவருடைய புருவம் உயர்ந்தது. எங்கள் அட்டை எண்ணில் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதி. திட்டத்தின் கணினி வயதைத் தானே கணக்கிட்டுக் கடிதத்தில் போட்டிருந்தது.

“தங்கச்சிக்கு முப்பத்தொண்ணா? நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க.”

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தால் திங்கட்கிழமை அந்தப் பெண் என் எண்ணோடு போய் நிற்பாள். மோசடிக்காரி என்ற பட்டம் அவளுக்கு விழும்.

“அது என் ஐசி, சார்.”

பின்னாலேயே வந்திருந்த ஒருங்கிணைப்பாளர் நெஞ்சில் கை வைத்தார், சரியாக ‘நீதி’ என்ற இடத்தில். “டிரெய்னிங்ல பக்கம் பக்கமா எழுதுனியே, இதுக்குத்தானா?”

வழக்கறிஞர் வெற்றுத் தாள் கேட்டார். கடிதத்தைக் கையால் மலாயில் எழுதினார், பையிலிருந்து தன் சொந்த முத்திரைச் சாப்பை எடுத்துக் குத்தினார்.

“திட்டத்தோட லோகோ இல்லாம எப்படி சார்?”

“லோகோவுக்கு ஐசி இருக்கா, அக்கா?”

அத்தை முதன்முறையாகச் சிரித்தார்.

மறுவாரம் அறிக்கை வந்தது. என் தவறான பதிவு நீக்கப்பட்டிருந்தது. அதோடு அந்தப் பெண்ணும் நீங்கியிருந்தாள். முகாமுக்கு வந்த அனைவரிடமும் அடையாள அட்டை இருந்ததாகவும், அப்பகுதியில் அந்தப் பிரச்சினையே இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். அடுத்த முகாம் இணைய மோசடி பற்றியதாம். ‘ஒருவர் வந்தாரே’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது.

கல்லூரி கடிதத்தை ஏற்றுக்கொண்டது. மாதக் கடைசிக்குள் குடியுரிமை விண்ணப்பம் கொடுத்த ரசீதைக் காட்ட வேண்டும். வழக்கறிஞர் விண்ணப்பத்தைத் தயார் செய்துவிட்டார். அம்மாவின் இறப்புப் பத்திரத்தின் நகலுக்கு என் முகவரி கொடுத்து எழுதிப் போட்டிருக்கிறோம், அது மட்டும் இன்னும் வரவில்லை. ஆறு நாள் இருக்கிறது. தினமும் காலையில், நான் மகனுக்கு ஊட்டும் நேரம் பார்த்து அத்தை கூப்பிடுகிறார்.

“வந்துச்சாம்மா?”

“இன்னும் இல்லக்கா.”

“செரி. நாளைக்கும் கேப்பேன்.”