போனஸ் கடிதத்தில் ஒரு வரி

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில்தான் எங்கள் அலுவலகத்தில் போனஸ் கடிதம் கொடுப்பார்கள். துறைமுகத்தையொட்டிய வெல்ட் கீ சாலையில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இயங்கும் சிறிய நிறுவனம் அது. தலைமையகம் கோலாலம்பூரில். கப்பலில் வரும் கொள்கலன்களைத் துறைமுகத்திலிருந்து விடுவிக்கச் சுங்கத்துறைக்குத் தர வேண்டிய பத்திரங்களைத் தயாரிப்பது என் வேலை. அங்கே சேர்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உறையைப் பிரித்தேன். அரை மாதச் சம்பளம் என்று இருந்தது. முந்தைய ஆண்டுகளில் அது இரண்டு மாதத்துக்குக் குறைந்ததே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் ‘சி’ என்று ஓர் எழுத்து. அதற்குக் கீழே ஒரு வரி: வருகை திருப்திகரமாக இல்லை, முன்னேற்றம் தேவை.

பக்கத்து மேசையில் இருப்பவள் மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவள். பத்திரங்களை எப்படி நிரப்புவது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தன் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. காதுகள் மட்டும் சுட்டன.

வருகை குறைந்தது நான் எடுத்த விடுப்புகளால்தான். அவற்றை எதற்காக எடுத்தேன் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். கடந்த ஆண்டு ஜூலையில் அப்பா படுத்துவிட்டார். துறைமுகத்தில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நிலையில் பொது மருத்துவமனையில் சேர்த்தோம். அதே மாதம்தான் அலுவலகத்தில் புதிய கணினி முறையைக் கொண்டுவந்தார்கள். அது பிடிக்காமல் ஒருவர் வேலையை விட்டுப் போக, அவருடைய வேலையும் என் தலையில் விழுந்தது. இரண்டு நாள், மூன்று நாள் என்று பிய்த்துப் பிய்த்துத்தான் விடுப்பு எடுத்தேன். எடுத்த நாள்களிலும் மடிக்கணினி கூடவே வந்தது.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மதியம் மருத்துவமனையில் இருந்தேன். உறைந்த இறால் ஏற்றி வந்த கொள்கலன் பட்டர்வொர்த் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. பத்திரத்தில் யாரோ தவறான குறியீட்டைப் போட்டிருந்தார்கள். மேலாளர் என்னை ஃபோனில் அழைத்தார்.

“அக்கா, நீங்க லீவுன்னு தெரியும். ஆனா இது உங்களவிட்டா இங்க யாருக்கும் புரியாதுலா. கொஞ்சம் பாருங்களேன்.”

என்னைவிட்டால் யாருக்கும் புரியாது. உண்மையைச் சொல்வதென்றால், அந்த நேரத்திலும் அந்த வார்த்தை எனக்கு இனித்தது. வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பாதி வேலையில் தாதி ஒருத்தி வெளியே வந்தாள்.

“அக்கா, அப்பா உங்களத் தேடுறாரு.”

“ரெண்டு நிமிஷம்மா. இதோ வரேன்.”

சுங்க அதிகாரியோடு ஃபோனில் பேச வேண்டியிருந்தது. புதிய பத்திரத்தை அனுப்பி, அது ஏற்கப்பட்டதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. கொள்கலன் வெளியேறியது என்று தகவல் வந்தபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. உள்ளே போனேன். அப்பா தூங்கிவிட்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. மறுநாள் காலை, கண் திறக்காமலே போய்விட்டார்.

எதற்காகத் தேடினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தண்ணீருக்காக இருக்கலாம். என் கணவரிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

கடிதம் வந்த அன்று வீட்டில் சொன்னபோது அவர் சட்டையை மாற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை அவருக்கு.

“குடுத்தானுங்கல்ல, வாங்கிக்கிட்டு சும்மா இரு. எங்க பேக்டரியில இந்த வருஷம் அதுவும் இல்ல.”

“காசுக்கு இல்லங்க. அந்த வரி...”

“வரிய யாரு படிக்கப் போறா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போயிருந்தார். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் மேலாளரின் அறைக்குப் போனேன். அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசையில்தான் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நடந்துபோய் இருவரும் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுவிட்டு வருவோம். மேலாளர் ஆன பிறகு மற்றவர்கள் முன்னால் ‘பாஸ்’ என்று கூப்பிடுவேன், தனியாக இருந்தால் ‘தம்பி’. அன்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கடிதத்தை மட்டும் மேசைமேல் வைத்தேன்.

“இந்த வரிய எழுதுனது யாரு?”

தெரிந்த கடிதத்தையே எடுத்துப் படிப்பதுபோல் சற்று நேரம் பார்த்தார். “நான்தான்.”

“நான் எதுக்கு லீவு எடுத்தேன்னு உனக்குத் தெரியாதா, தம்பி?”

“தெரியும்.”

“சர்ச்சுக்கு வந்த. அப்பா பெட்டிக்குத் தோள் குடுத்த.”

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “அக்கா, கே.எல். ஹெட் ஆபீஸ்லேர்ந்து முன்னாடியே சொல்லிட்டாங்க. ஆறு பேருல ரெண்டு பேருக்குத்தான் ‘ஏ’. ஒருத்தருக்குக் கண்டிப்பா ‘சி’ போட்டாவணும். ‘சி’ போட்டா காரணம் எழுதணும். உங்க வேலையில நான் என்ன குத்தம் எழுத முடியும்? அதான் லீவ எழுதுனேன்.”

“அந்த ஒருத்தர் ஏன் நானு?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“உங்க பக்கத்து மேசப் பொண்ணுக்கும் இன்னொருத்தனுக்கும் வெளியில வேல ரெடியா இருக்கு. நல்லா குடுக்கலன்னா போயிருவாங்க. நீங்க எங்கயும் போவ மாட்டீங்கக்கா. எனக்குத் தெரியும்லா.”

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், என்னைப் பாராட்டுவது போன்ற குரலில்தான் சொன்னார். மருத்துவமனை நாற்காலியும், தாதி வந்து சொன்னதும் என் தொண்டைவரை வந்தன. ஆனால் அந்த அறையில் அதைச் சொன்னால், அதுவும் ஒரு படிவத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய காரணமாக ஆகிவிடும் என்று தோன்றியது. விழுங்கிக்கொண்டேன்.

“அந்த வரிய எடுத்துடு.”

“போனஸ மாத்த முடியாதுக்கா.”

“போனஸ நான் கேக்கல. வரிய எடு.”

இரண்டு நாள் கழித்துப் புதிய கடிதம் வந்தது. அதே ‘சி’, அதே தொகை. கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முன்பு பொய்யாகவாவது ஒரு காரணம் இருந்தது. இப்போது காரணமே இல்லாமல் நான் கடைசி ஆள்.

பிப்ரவரியில் வேறு வேலை தேடினேன். பாயான் லெப்பாஸில் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அரை நாள் விடுப்பு கேட்டு, பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். நேர்காணல் செய்தவளுக்கு முப்பது வயதிருக்கும். தமிழ்ப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

“பதினெட்டு வருஷமும் ஒரே எடத்துலயாக்கா?”

“ஆமாம்மா.”

“வேற எங்கயுமே ட்ரை பண்ணலயா? ஏன்?”

அந்தப் பதினெட்டை எனக்குச் சாதகமான விஷயம் என்று நினைத்து விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே போட்டிருந்தேன். அவளோ அதை ஒரு நோயைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்தாள். ஒரு வாரம் கழித்து ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்வதாக மின்னஞ்சல் வந்தது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். நான் எங்கும் போகமாட்டேன் என்று மேலாளர் சொன்னது என் குணத்தைப் பற்றி என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். போக எனக்கு இடமில்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒன்று செய்தேன். மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போவதை நிறுத்தினேன். மாலை ஐந்தரைக்கு அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கணவர் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. மேலாளர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மொத்தம் நான்கு முறை.

“எடுக்கலயா?” என்றார் கணவர்.

“இல்ல.”

சாப்பிட்டேன், ஆனால் ருசி தெரியவில்லை. மனம் முழுக்கத் திங்கட்கிழமையில்தான் இருந்தது. காலையில் எல்லாம் குழம்பிக் கிடக்கும், கே.எல்.லிலிருந்து கத்துவார்கள், என்னைவிட்டால் யாருமில்லை என்று அவர்களுக்குப் புரியும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்படிக் கற்பனை செய்வதில் எனக்கு ஓர் இன்பம் இருந்தது.

திங்கட்கிழமை எதுவும் நடக்கவில்லை. ஏதோ ஒரு கொள்கலன் மாட்டிக்கொண்டதற்காகத்தான் அழைத்திருக்கிறார்; அது ஞாயிறு மாலையே வெளியேறிவிட்டது. மேலாளர் எப்போதும்போல “மோர்னிங், அக்கா” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்து மேசைக்காரிதான் தாமதமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. பையை வைத்துவிட்டு, கணினியைப் போடாமலே உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, முடியலயா?”

“நேத்து மகளுக்குப் பொறந்த நாளுக்கா. பாலிக் புலாவுல மாமியார் வீட்டுல எல்லாரும் கூடியிருந்தோம். பன்னெண்டு மணிக்கு பாஸ் கூப்பிட்டாரு. அஞ்சு மணி வரைக்கும் வாசல்ல நிறுத்தியிருந்த காடிக்குள்ள உக்காந்து லேப்டாப்ப பாத்துக்கிட்டு இருந்தேன். கேக் வெட்டும்போதுகூட நான் இல்ல. அழுதாளாம்.” என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத்தான் மொதல்ல அடிச்சாராம்லா?”

“ஆமா. நான் எடுக்கல.”

“நல்ல வேல செஞ்சீங்கக்கா” என்றாள். சிரிக்கவில்லை. எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் எடுக்காததால் நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது இவளுக்குத்தான். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதற்கென்று கேட்பது என்று தெரியவில்லை.

“மகளுக்கு என்ன வயசு?” என்று கேட்டேன்.

“நாலு” என்றாள், கணினித் திரையைப் பார்த்தபடியே.

நானும் என் கணினியைத் திறந்தேன். அன்று வேலை நிறைய இருந்தது.